சுற்றுடைப்பானின் கதை



வரலாறு என்றவுடன் நம் நினைவுக்கு வருவன அரசரும் போரும் ஆட்சி மாற்றமுமேயாம். மாணவர்க்கு நாம் கற்பிக்கும் நூல்களும் பெரும்பாலும் அவற்றையே கூறுகின்றன. ஆயினும் கைத்தொழிற் கருவிகளுக்கும் வரலாறு உண்டு. அவ்வரலாற்றிலும் முயற்சியும் தோல்வியும், அறியாமையும் அலட்சியமும், சிற்சில வேளைகளில் அநீதியுங்கூடக் காணக்கிடக்கின்றன. இன்றைய பேச்சுக்கு அத்தகைய கருவி ஒன்றையே எடுத்துக்கொண்டேன். ஆலைகளிலும் அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும், இப்பொழுது பெரும்பாலான வீடுகளிலும், சுவரிற் பொருத்திய பெட்டியினுள்ளே அமைந்திருக்கும் சுற்றுடைப்பானே அது. 'பிறேக்கர்' என்று மக்கள் வழங்குவர். 'றிப் சுவிச்' என நாம் சொல்வது இதன் உறவினன். மண்ணுக்குக் கசியும் மின்னை அறிந்து துண்டிப்பது. அதன் கதை வேறு.

நான் விஞ்ஞானம் கற்றவனல்லன், கலைப் பட்டதாரி. இப்பொருளைப்பற்றி நான் படிக்கத் தொடங்கியமைக்கு ஒரு விபத்தே காரணம். சில ஆண்டுகளுக்கு முன்னர், நான் அதிபராக இருந்த பாடசாலை ஒன்றில், ஒரு மாலைப்பொழுதிற் பரிசளிப்பு விழா நடைபெற்றுக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கி, அலங்கார விளக்குகள், மின்விசிறிகள், மேடைக்குப் பின்னாலே தேநீருக்கு நீர் கொதிக்கவைக்கும் மின்கேத்தல்கள் இரண்டு. இவை யாவற்றுக்கும் ஒரே நீட்டுக் கம்பியிலிருந்து மின் எடுக்கப்பட்டிருந்தது. ஆண்டறிக்கையை நான் வாசித்துக்கொண்டிருந்தபொழுது திரைச்சீலைக்குப் பின்னாலே புகை எழுந்தது. கம்பிகளின் மேலுறை உருகி, உட்கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுத் தீப்பொறி பறந்தது. மண்டபத்துக்குரிய சுற்றுடைப்பான் அக்கணமே விழுந்திருத்தல் வேண்டும். விழவில்லை. காவலாளி ஓடிச்சென்று அதன் கைபிடியைக் கீழே தள்ளிப் பார்த்தார், அதுவும் அசையவில்லை. வெளியே, மானிக்கு அருகிலிருந்த உருகியை ஒருவர் கழற்றிய பின்னரே மின் நின்றது. அதற்கிடையில் திரைச்சீலை பற்றிக்கொண்டது. நடனத்துக்கு ஆயத்தமாய் நின்ற சிறுமி ஒருத்தியின் முழங்கையிற் பட்ட தீக்காயத்தின் வடு இன்றும் மாறவில்லை.

அப்பெட்டியில் எவரும் கைவைக்கக்கூடாது என்று ஊழியர்க்குப் பணித்திருந்தவன் நானே. நன்றாக இயங்குவதை ஏன் தொடவேண்டும் என்பது என் எண்ணம். அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை இக்கருவியின் வரலாறே எனக்குக் கற்பித்தது.

மின்சாரத்தைப் பயன்படுத்தத் தொடங்கிய காலத்திலேயே அதனைக் கட்டுப்படுத்தும் தேவையும் தோன்றிவிட்டது. முதலில் அத்தேவையை உணர்ந்தவர்கள் தந்திக்காரர். வெட்டவெளியிலே பல கல் தூரம் நீண்டு கிடந்த தந்திக் கம்பியில் இடி விழுந்தால், அந்த மின் நேரே தந்திநிலையத்தினுட் புகுந்து கருவிகளை எரித்துவிடும். 1847ஆம் ஆண்டிற் பிரான்சிய நாட்டு லூயி பிரெகே என்பார் எளிய உபாயம் ஒன்றைக் கூறினார். நிலையத்தினுள்ளே நுழையும் இடத்திற் கம்பியின் ஒரு பகுதியை மெல்லியதாக அமைத்துவிட்டால், மிகைமின் வரும்பொழுது அம்மெல்லிய பகுதி உருகி அறுந்துவிடும். உள்ளேயிருப்பன பிழைத்துக்கொள்ளும் என்றார். பின்னாளில் உருகி என நாம் வழங்கிய கருவியின் தத்துவம் இதுவே.

1882ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 4ஆம் தேதி, தோமஸ் அல்வா எடிசன் நியூயோர்க் நகரிற் பேர்ள் வீதியில் அமைத்த மின்நிலையம் இயங்கத் தொடங்கிற்று. வீடுகளுக்கும் கடைகளுக்கும் 110 வோல்ற் அளவான நேரோட்ட மின் நிலத்தடிக் கம்பிகளினாற் சென்றது. மின்குமிழைக் கண்டவர் என்றே எடிசனை மாணவர் அறிவர். குமிழுக்குக் கம்பியும், கம்பிக்கு மானியும், மானிக்குக் காவலும் ஆக முழு அமைப்பையும் சிந்தித்தவர் அவர் என்பது அதனினும் பெரிய புகழ். 1879ஆம் ஆண்டிலேயே, ஓட்டம் அளவு மீறினால் மின்காந்தத்தின் இழுப்பினாற் சுற்றைத் தானாக உடைக்கும் பொறியொன்றை அவர் தமது உரிமை விண்ணப்பத்தில் விபரித்திருந்தார். ஆயினும் தமது வர்த்தக அமைப்பில் அவர் கையாண்டது உருகியையே. அது மலிவானது, அசையும் உறுப்பு ஏதும் அற்றது. எளிய மக்களின் வீட்டுக்கு அதுவே பொருந்தும் என அவர் கருதியிருத்தல் கூடும்.

உருகியில் ஒரு குறை இருந்தது. அக்குறை உலோகத்தினது அன்று, மனிதரது. உருகி ஒருமுறை எரிந்தால் வேறொன்று இடவேண்டும். இரவு வேளையில் வேறொன்று கையில் இல்லாதவிடத்து மனிதன் என்ன செய்வான்? அமெரிக்க வீடுகளில் உருகித் திருகின் பின்னாலே செப்புக்காசு ஒன்றை வைத்துவிடும் வழக்கம் பரவிற்று. நம் வீடுகளில் நாமும் குறைந்தவர்களல்லேம். பீங்கான் உருகிகளில் மெல்லிய கம்பிக்குப் பதிலாகத் தடித்த செப்புக் கம்பியைச் சுற்றி வைத்த கைகள் எத்தனை! எங்கள் தந்தையார் சிகரெட் உறையின் வெள்ளித்தாளை மடித்து வைத்ததை நான் சிறுவயதிற் கண்டிருக்கிறேன். விளக்கு உடனே எரியும், வீட்டாரும் மகிழ்வர். கம்பி சூடேறினாலும் இனி அறுந்துவிட ஒன்றும் அங்கே இல்லை என்பதை எவரும் நினையார்.

ஆலைகளில் இக்குறை பெருங்குறையாயிற்று. நூற்றுக்கணக்கான அம்பியர் பாயும் சுற்றில் உருகி எரியுந்தோறும் பொறிகள் நின்றுவிடும்; புதியது இடும்வரை தொழிலாளர் கைகட்டி நிற்பர். ஆகவே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், தானே திறந்து, மீண்டும் கையினால் மூடத்தக்க கருவியைப் பொறியியலாளர் நாடினர். பிலடெல்பியா நகரத்துக் கற்றர் நிறுவனம் முதலியன அவற்றைச் செய்து விற்றன. சலவைக்கல் அல்லது பலகைக்கல்லின்மேற் பொருத்தப்பட்டு, மூடி ஏதுமின்றி, பளபளக்கும் செப்புத் தகட்டுக் கற்றைகளுடன் அவை விளங்கின. பழைய மின்நிலையங்களின் ஒளிப்படங்களைக் காண்பவர்க்கு ஆலயத்து வாகனசாலை நினைவுக்கு வரும், அத்துணை அலங்காரம். அவற்றின் முன்னே நின்று கைபிடியை இயக்கியவர் முகத்துக்கு எதிரே தீ பாய்ந்ததும் உண்டு.

அத்தீயே மின்வில். சுற்றுடைப்பானின் வரலாறு முழுவதையும் மின்வில்லை அடக்கிய வரலாறு என்று சொல்லிவிடலாம். மின் பாயும் இரு உலோகங்களைப் பிரித்தால் ஓட்டம் உடனே நின்றுவிடும் என்றே நாம் நினைப்போம். நிற்பதில்லை. பிரியும் இடத்தில் எஞ்சும் சிறு தொடுகை கடுஞ்சூடேறி ஆவியாகிறது. இடையிலுள்ள காற்றும் அயன்களாய்ச் சிதைந்து தானே மின்கடத்தி ஆகின்றது. தொடுகைகள் விலகியிருந்தும் ஓட்டம் தொடர்கிறது. ஆற்றில் ஒரு பாலத்தை உடைத்த பின்னரும், வெள்ளம் அடித்து வந்த மரங்களே வேறொரு பாலமாய்க் கிடப்பதனை இதற்கு ஒப்பிடலாம்.

இவ்வில்லின் ஒளியை இலண்டன் றோயல் நிலையத்தில் ஹம்பிறி டேவி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பலர் அறியக் காட்டினார். பின்னர் அது வீதி விளக்காகப் பயன்பட்டது. அவ்விளக்குகள் சில வேளை சீறும், ஒளி தளம்பும். காரணம் எவருக்கும் தெரியவில்லை. அதனைக் கண்டவர் ஒரு பெண். 1854ஆம் ஆண்டில், இங்கிலாந்திற் குடியேறிய போலந்து நாட்டு யூதக் கடிகாரத் தொழிலாளி ஒருவரின் மகளாய்ப் பிறந்தவர் ஹேர்தா அயற்றன். கேம்பிறிட்சிற் கேட்டன் கல்லூரியிற் கணிதம் கற்றவர். காற்றிலுள்ள ஒட்சிசன் கரிமுனையின் உட்குழியை அடைவதனாலேயே வில் சீறுகின்றது என்பதை அவர் நிறுவினார். வில்லின் நீளம், அழுத்தம், ஓட்டம் ஆகிய மூன்றுக்கும் உள்ள தொடர்பை அவர் சமன்பாடாக எழுதினார். 1899ஆம் ஆண்டில் மின்பொறியியலாளர் நிறுவகத்தின் முன் தமது கட்டுரையைத் தாமே வாசித்தார். அவ்வாண்டே அந்நிறுவகத்தின் முதற் பெண் அங்கத்தவருமானார். 1902ஆம் ஆண்டில் மின்வில்லைப் பற்றிய அவரது பெருநூல் வெளிவந்தது. அதே ஆண்டில் றோயல் சங்கத்தின் உறுப்பினராக அவர் பெயர் முன்மொழியப்பட்டபொழுது, மணமான பெண்ணுக்குச் சட்டத்தில் அத்தகைய உரிமை இல்லை என்று மறுத்துவிட்டனர். 1906ஆம் ஆண்டில் அச்சங்கமே அவருக்குத் தனது ஹியூஸ் பதக்கத்தை வழங்கிற்று! அறிவைப் பாராட்டி, அறிந்தவரை வாயிலில் நிறுத்திய செயலை என்னென்பது? அயற்றன் ஆராய்ந்தது விளக்கின் வில்லையே, சுற்றுடைப்பானை அன்று. ஆயினும் அணையாதிருக்க வேண்டும் என்று அவர் ஆராய்ந்த வில்லை அணைக்க விழைந்தவர்களும் அவர் நூலையே திறந்து பார்க்க வேண்டியிருந்தது. நேரோட்ட வில்லை இன்று ஆராய்வோரும் அவர் சமன்பாட்டைக் குறிப்பிடுகின்றனர்.

வில்லை எவ்வாறு அணைப்பது? தொடுகையின் நுனிகளைக் கரியாற் செய்து, செப்புத் தொடுகைகள் முதலிலும் கரி நுனிகள் இறுதியிலும் பிரியுமாறு அமைத்தனர். அவ்வாறாயின் எரிவது கரியே. செப்புக்கு ஊறு இல்லை. இந்த ஒழுங்கு இன்றும் மாறவில்லை. பெரிய சுற்றுடைப்பான்களில் ஓட்டத்தைத் தாங்கும் தொடுகை வேறு, வில்லைத் தாங்கும் தொடுகை வேறு. மூடும்பொழுது பின்னது முந்தும், திறக்கும்பொழுது பிந்தும். அடுத்து, எலியு தொம்சன் என்ற அமெரிக்கர் காந்தத்தினால் வில்லை ஊதித்தள்ளும் முறையைக் கண்டார். வில்லும் மின்கடத்தியே, ஆகவே காந்தப் புலம் அதனைத் தள்ளும். தள்ளுந்தோறும் வில் வளைந்து நீண்டு மெலியும்.

இவற்றையெல்லாம் விஞ்சிய உபாயத்தைக் கண்டவர் யோசெப் சிலேப்பியன். 1891ஆம் ஆண்டிற் பொஸ்ரன் நகரிற் பிறந்த இவர், பதினாறு வயதில் ஹார்வேட் பல்கலைக்கழகத்தினுள் நுழைந்து, 1913ஆம் ஆண்டிற் கணிதத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். கணிதம் கற்றவர் வெஸ்ரிங்ஹவுஸ் ஆலையிற் சேர்ந்து பட்டறையில் வேலை பழகினார் என்பது நம் மாணவர் கருதத்தக்கது. அவர் சிந்தித்தது இதுவே. ஆடலோட்டத்தில் ஓட்டம் தானாகவே அடிக்கடி பூச்சியமாகின்றது. நம் நாட்டு மின்னில், செக்கனுக்கு 50 சுழற்சியாதலால், செக்கனுக்கு நூறு முறை. அக்கணத்தில் வில் இறந்து கிடக்கிறது. மீண்டும் உயிர்பெறாது தடுத்தாற் போதும். அக்கணத்திலே உலோகத்தின் மேற்பரப்பை ஒட்டிய மிக மெல்லிய காற்றுப்படை ஒன்று உடனே வலுப்பெற்று, ஏறத்தாழ 250 வோல்ற்றுவரை தடுத்துநிற்கும் என்பதை அவர் உணர்ந்தார். ஆகவே நீண்ட வில் ஒன்றைப் பல உலோகத் தகடுகளுக்கிடையே செலுத்திச் சிறு சிறு வில்களாகத் துண்டித்துவிட்டால், ஒவ்வொரு துண்டும் தன் பங்கைத் தடுக்கும். எல்லாம் சேர்ந்து பெருந்தடையாகும். 1920களின் இறுதியில் இத்தத்துவத்தில் அமைந்த சுற்றுடைப்பான்கள் வெளிவந்தன. இன்று நம் வீட்டிலுள்ள சிறு சுற்றுடைப்பானை உடைத்துப் பார்த்தாலும், சீப்புப் போல வரிசையாய் அடுக்கிய தகடுகளை உள்ளே காணலாம். அவை சிலேப்பியனின் தகடுகளே.

துண்டிக்கும் வல்லமை மாத்திரம் போதாது. எப்பொழுது துண்டிப்பது என்ற விவேகமும் வேண்டும். மோட்டர் ஒன்று புறப்படும்பொழுது தனக்குரிய ஓட்டத்தின் ஐந்தாறு மடங்கைச் சில கணம் இழுக்கும். அதற்கெல்லாம் சுற்றை உடைத்தால் ஆலை நடவாது. சிறிது மிகையாயிற் பொறுத்திருந்தும், பெரிது மிகையாயின் விரைந்தும், குறுஞ்சுற்றாயின் அக்கணமேயும் செயற்படவேண்டும். பெரிய சுற்றுடைப்பான்களில் இப்பொறுமையை எண்ணெய்க் குழாயொன்று கொடுத்தது. மின்காந்தம் இழுக்கும் தண்டு எண்ணெயினூடாக மெல்ல நகர்ந்தே விடுவிப்புச் சட்டத்தை எட்டும். சிறியவற்றில் ஈருலோகச் சட்டம் அவ்வேலையைச் செய்தது. இருவேறு உலோகங்களை ஒட்டிச் செய்த அச்சட்டம் சூடேறும்பொழுது வளையும். இதனை 18ஆம் நூற்றாண்டிற் கண்டவர், கடலிலே நெடுங்கோட்டை அறிவதற்குக் கடிகாரம் செய்த யோன் ஹரிசன். கோடையிலும் மாரியிலும் கடிகாரம் பிழையாதிருத்தற்கு அதனை அவர் தமது மூன்றாவது கடற் கடிகாரத்தில் அமைத்தார். நேரத்தைக் காத்த அச்சட்டம் நூற்றாண்டு கடந்து மின்னைக் காக்க வந்தது. 1924ஆம் ஆண்டில், ஜேர்மனியில், பிறவுண் பொவேரி நிறுவனத்தின் பெயரால், ஹியூகோ ஸ்ரொட்ஸ் என்பவரைக் கண்டுபிடித்தவராகக் கொண்ட உரிமை பதியப்பட்டது. மெல்ல வரும் மிகைக்கு ஈருலோகச் சட்டமும், திடீரென வரும் மிகைக்கு மின்காந்தமும் ஒரே சிறு பெட்டியினுள் அமைந்தன. நம் வீட்டுச் சுற்றுடைப்பான்களின் நேர் மூதாதை அதுவே.

இன்னுமொரு திருத்தத்தையும் சொல்லவேண்டும். பழைய கருவிகளிற் கைபிடியைக் கயிற்றாற் கட்டிவிட்டால் அவை திறக்கமாட்டா. வேலை நிற்கக்கூடாதென்று அவ்வாறு கட்டியோரும் இருந்தனர். அதன்பொருட்டே, கைபிடியை எவர் பிடித்திருப்பினும் உள்ளிருக்கும் தொடுகைகள் தாமாகத் திறக்குமாறு பொறியை மாற்றியமைத்தனர். மனிதனை நம்பாமையும் சில வேளை நற்கல்வியே.

இத்தனையும் அறிந்தபின் நான் கேட்ட வினா: இவ்வளவு நுட்பமாய் அமைந்த கருவி எங்கள் மண்டபத்தில் ஏன் விழவில்லை? அதற்கு விடையை நான் கண்டது எவரும் எதிர்பாராத இடத்தில். அமெரிக்காவில், நியூ யேர்சி மாநிலத்தில், டெலவெயர் ஆற்றங்கரையிலுள்ள சேலெம் அணுமின் நிலையத்தின் கதையில். தமிழகத்துச் சேலத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

அணு உலையை அணைப்பதற்குக் கட்டுப்பாட்டுக் கோல்கள் உள்ளன. மின்காந்தங்கள் அவற்றை மேலே பிடித்திருக்கும். மின்னைத் துண்டித்துவிட்டால் அவை தம் நிறையினாலேயே உலையினுள் விழுந்து அணுத்தாக்கத்தை நிறுத்திவிடும். மின்னைத் துண்டிப்பவை, ஆலைகளிலே சாதாரணமாகக் காணப்படும் குறைந்த அழுத்தச் சுற்றுடைப்பான்கள் இரண்டு. ஒன்று தவறினாலும் மற்றொன்று காக்கும்படி தொடராக இணைக்கப்பட்டவை. 1983ஆம் ஆண்டு பெப்ரவரி 25ஆம் தேதி, நள்ளிரவு கழிந்து சில நிமிடங்களில், முதலாம் உலையில் நீராவிப் பிறப்பாக்கியின் நீர்மட்டம் தாழ்ந்தமையால் "நிறுத்துக" என்ற சைகை தானாகப் பிறந்தது. இரு சுற்றுடைப்பான்களும் திறக்கவில்லை. அதனை உணர்ந்த இயக்குநர், ஏறத்தாழ 25 செக்கன் கழிந்தபின் கையினால் உலையை நிறுத்தினர். உலை அப்பொழுது தன் வலுவின் எட்டிலொரு பங்களவிலேயே இயங்கிற்று. ஆகவே எவருக்கும் ஊறு நேரவில்லை.

விசாரணையில் வெளிவந்தது அதனினும் அச்சந்தருவது. மூன்று நாட்களுக்கு முன்னர், 22ஆம் தேதியும், அதே சுற்றுடைப்பான்கள் அதே வகையில் தவறியிருந்தன. அன்று இயக்குநர் ஒருவர் வேறு காரணத்தால் ஏறத்தாழ அதே கணத்திற் கையினால் நிறுத்தியமையால், தன்னியக்கம் தவறியதை எவரும் அறிந்திலர்! காரணமாய் இருந்தது உள்ளங்கையளவான ஓர் உறுப்பு. சுருளில் மின் இருக்கும்வரை சிறு நெம்பு ஒன்று பிடிபட்டிருக்கும். மின் நீங்கியவுடன் வில்லின் விசையினால் அது விடுபட்டு விடுவிப்புச் சட்டத்தை உயர்த்தும். வில் என்று நான் இங்கே சொல்வது சுருள்வில்லை, மின்வில்லை அன்று. அந்நெம்பின் உறுப்புகள் தேய்ந்தும், உரிய மசகு இல்லாமலும் இறுகிப்போயிருந்தன. இவ்வுறுப்பைப்பற்றியும் அதன் பராமரிப்பைப்பற்றியும் 1971ஆம் ஆண்டிலும் 1974ஆம் ஆண்டிலும் செய்த நிறுவனம் அறிவித்தல் அனுப்பியிருந்தது. அவ்வறிவித்தல்கள் நிலையத்தின் பராமரிப்பு ஒழுங்கினுள் சேர்க்கப்படவில்லை. அவ்வாண்டு யனவரியிற் செய்த திருத்த வேலைக்கான பத்திரத்தில், இச்சுற்றுடைப்பான்கள் பாதுகாப்போடு தொடர்பற்றவை என்றே வகைப்படுத்தப்பட்டிருந்தன! அணுசக்தி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு 8,50,000 டொலர் தண்டம் விதித்தது. 1983 யூலையில் ஏனைய நிலையங்களுக்கும் கட்டளை சென்றது: விடுவிக்கும் வழி ஒன்றாய் இராது இரண்டும் தானாக இயங்கவேண்டும், செய்தவர் அனுப்பும் அறிவுரைகள் வந்து சேர்ந்தனவா, கைக்கொள்ளப்பட்டனவா என்று கணக்கு வைக்கவேண்டும்.

இதனை வாசித்தபொழுது என் பாடசாலைக் காரியாலயத்திற் கட்டுக்கட்டாய்க் கிடக்கும் சுற்றறிக்கைகள் என் கண்முன் வந்தன என்பதை ஒளிக்கவேண்டியதில்லை.

சுற்றுடைப்பான் நோயுறுவது உழைப்பினால் அன்று, ஓய்வினால். ஆண்டுக்கணக்காக அசையாதிருக்கும் பொறியில் கிறீஸ் உலர்ந்து மெழுகாகிவிடும். தூசி அதனோடு சேர்ந்து இறுகும். எண்ணெய்க் குழாயில் எண்ணெய் கசியும் அல்லது தடிக்கும்; பத்துச் செக்கனில் விழவேண்டியது முப்பது செக்கன் எடுக்கும். ஆகவேதான் பெரிய ஆலைகளில் அவற்றைக் காலத்துக்குக் காலம் பெட்டியிலிருந்து வெளியே இழுத்து, மின் முற்றாக நீங்கியது என்பதைச் சோதித்து, பூட்டும் எச்சரிக்கை அட்டையும் இட்டபின், திறந்து மூடி இயக்கிப் பார்க்கின்றனர். பெரும் ஓட்டத்தைக் குறைந்த அழுத்தத்திற் செலுத்தி, எத்தனை செக்கனில் விழுகிறது என்று அளக்கின்றனர். தொடுகைகளின் தடையையும் காவலிகளின் வலுவையும் அளக்கின்றனர். பழைய ஊழியர் அரத்தினால் தொடுகைகளைத் தேய்ப்பது வழக்கம்; செப்புத் தொடுகைக் காலத்தில் அது நன்று, செப்பின் ஒட்சைட்டு மின்னைத் தடுப்பதாதலால். வெள்ளிக் கலப்புத் தொடுகைகள் வந்தபின் அது தீமையாயிற்று. கறுத்த வெள்ளியும் நன்றாய்க் கடத்தும். தேய்த்தால் விலையுயர்ந்த வெள்ளியே போய்விடும். வழக்கம் மாத்திரம் நெடுநாள் நீடித்தது. அளவுமீறிக் கிறீஸ் பூசுவதும், கைக்கு எட்டிய எண்ணெயை விடுவதும் இவ்வகையினவே.

குறைந்த அழுத்தம் என்ற பெயரும் மக்களை ஏமாற்றிவிட்டது. ஆயிரம் வோல்ற்றுக்கு உட்பட்டன யாவும் அப்பெயர் பெறும். நம் ஆலைகளுக்கு வரும் 400 வோல்ற் மின்னும் அதிலடங்கும். 1982ஆம் ஆண்டில் றால்ப் லீ என்ற அமெரிக்கப் பொறியியலாளர், மின் தாக்குவதனால் மாத்திரமன்றி, தொடாமலே, மின்வில்லின் வெப்பத்தினாலும் தொழிலாளர் எரிந்து இறக்கின்றனர் என்பதைக் கணக்கிட்டுக் காட்டினார். அவ்வில்லின் சூடு சூரியனின் மேற்பரப்புச் சூட்டின் மும்மடங்கையும் கடக்கவல்லது. வில் நீடிக்கும் நேரம் இருமடங்காயின் உடல்மீது விழும் வெப்பமும் இருமடங்காம். இறுகிய சுற்றுடைப்பான் தாமதிக்கும் ஒவ்வொரு கணத்துக்கும் எதிரே நிற்பவனின் தோலே விலை.

எங்கள் மண்டபத்துச் சுற்றுடைப்பானை, மாற்றியபின், மின்திருத்துநர் ஒருவரைக்கொண்டு என் மேசைமீதே பிளந்து பார்த்தேன். கொளுவியைப் பற்றியிருந்த கிறீஸ், பழைய தேன்மெழுகின் நிறத்தில், நகத்தாற் சுரண்டியே எடுக்கத்தக்கதாய் இருந்தது. ஈருலோகச் சட்டம் வளைந்து தன் கடமையைச் செய்தே இருந்தது, கொளுவிதான் விடவில்லை. எப்பொழுது பொருத்தியது என்று கேட்டேன். எவருக்கும் தெரியவில்லை. பெட்டியின் நிறத்தை நோக்கி, போருக்கு முந்தியது என்றார் அவர். 1990ஆம் ஆண்டுக்குப் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பல ஆண்டுகள் மின்சாரமே இல்லை. போத்தல் விளக்கின் ஒளியில் நாங்கள் படித்த காலம் அது. மின் மீண்ட நாளிற் குமிழ் எரிகிறதா என்றுதான் எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம். எரிந்தது. கைதட்டினோம். சுவரிலிருந்த பெட்டியை எவரும் திறந்து பார்க்கவில்லை.

இப்பொழுது நான் கடமையாற்றும் பாடசாலையில், ஒவ்வொரு தவணை விடுமுறையின் முதல் நாளும், கணினிகளை அணைத்தபின், காவலாளி எல்லாச் சுற்றுடைப்பான்களையும் ஒவ்வொன்றாய் இறக்கி மீண்டும் ஏற்றுகிறார். இறங்க மறுப்பவற்றின் இலக்கத்தை அதிபரின் குறிப்பேட்டில் எழுதி என் கையொப்பம் பெறுகிறார். கையினால் இறக்கிப் பார்ப்பது முழுச் சோதனையாகாது. அதற்கெனப் பயின்றவரை மூன்று ஆண்டுக்கொருமுறை அழைக்கிறோம். சென்ற தவணையில் விஞ்ஞானகூடத்தின் நான்காம் இலக்கம் இறங்கவில்லை. அன்று மாலையே அதனை மாற்றினோம்.